தேதி இல்லாத செவ்வாய்க்கிழமை

என் மச்சான் மாதையா,

உன்னை நினைக்காத நாள் இல்லை என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய்யும் இல்லை. ஆனால் இந்த இரண்டு மாதமாகப் பல்லைக் கடித்துக்கொண்டுதான் உன்னை நினைக்கிறேன். நீ உயிரோடு இருந்திருந்தால் உன் கடை வாசலில் நின்று நாலு பேர் கேட்கத் திட்டியிருப்பேன். நீ தப்பித்துக்கொண்டாய். அதனால் நாலு பேர் படிக்கத் திட்டுகிறேன்.

உன் வருஷத் திதிக்கு நம் வட்டாரப் பத்திரிகையில் கட்டம் கட்டி, உன் படத்தைப் போட்டு, கீழே நல்லதாக நாலு வார்த்தை எழுதலாம் என்றுதான் இருந்தேன். இடம்கூடச் சொல்லி வைத்துவிட்டேன். அந்த இடத்தில்தான் இப்போது இந்தக் கடிதம் வருகிறது. இதில் ஒரே ஒரு வரிக்குத்தான் உண்மையில் வேலை இருக்கிறது. மத்தூரில் ஒரு மனிதர் அந்த வரிக்காக முப்பது வருஷத்துக்கு மேல் காத்திருக்கிறார். அது கடைசியில் வரும். அதற்கு முன்னால், அந்த வரியை நீ எழுதாமல் நான் ஏன் எழுத வேண்டி வந்தது என்று ஊருக்குத் தெரியட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. உன் கடைக்கு எதிரே இருந்த டீக்கடையில் இப்போது மோமோ விற்கிறார்கள். கம்பெனி வேலைக்கு வந்த வடக்கத்திப் பையன்கள் ஷிப்டு விட்டதும் அங்கேதான் கூடுகிறார்கள். பாகலூர் சாலையை நீ கையைத் தூக்கிக் காட்டிவிட்டுக் கடந்துபோவாயே, இப்போது கையைத் தூக்கினால் கை போய்விடும். ஆட்டோக்காரன் தமிழில் ஆரம்பித்துக் கன்னடத்தில் திட்டி தெலுங்கில் பேரத்தை முடிக்கிறான். அது மட்டும் மாறவில்லை.

உன் ஷட்டர் இறங்கியே கிடந்தது. கட்டட ஓனர் மூன்று முறை உன் சரசாவைப் பார்த்துக் காலி செய்யச் சொன்னார், மரியாதையாகத்தான். சரசா என்னைக் கூப்பிட்டாள். "அண்ணா, அந்த ரேடியோங்கள என்னா பண்றது? என் வீட்டுல எடம் இல்ல. அந்த மனுசன் இருந்தப்பவே எனக்கு எடம் இல்ல, எல்லா எடத்துலயும் வால்வுதான்" என்றாள். சிரித்தாள். சிரித்து முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது.

இருபத்தாறு வால்வு ரேடியோ, நான்கு கிராமபோன். எல்லாம் தேக்குப் பெட்டி. சில பெட்டியில் துணி மாற்றி, பாலிஷ் ஏற்றி, மணப்பெண் மாதிரி வைத்திருந்தாய். கடைசிப் பத்து வருஷத்தில் பெங்களூரிலிருந்து கார் போட்டுக்கொண்டு வந்து எத்தனை பேர் பார்த்துவிட்டுப் போனார்கள்! அவர்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்தது யார்? நான். "இது எங்க மாதையன் கலெக்சன். தென்னாட்டுலயே இந்த மாதிரி கெடையாது" என்று கூசாமல் அடித்து விட்டவன் நான். நீ ஸ்டூலில் உட்கார்ந்து தலையைக் குனிந்து சிரித்துக்கொண்டிருப்பாய். யார் என்ன விலை கேட்டாலும், "விக்கறதுக்கு இல்லிங்க" என்பாய். அடக்கம் என்று நினைத்தேன். பற்று என்று நினைத்தேன். பழைய இரும்பு வியாபாரி நான், எதையும் தட்டிப் பார்த்துத்தான் வாங்குவேன். உன்னை மட்டும் ஒரு நாளும் தட்டிப் பார்க்கவில்லை.

நீ போன பிறகு பெங்களூர் ஓட்டல்காரர் ஒருவர் மொத்தமாக எடுத்துக்கொள்கிறேன் என்றார். வரவேற்பறைச் சுவர் முழுக்க உன் ரேடியோக்கள். நடுவில் உன் படம். மேலே உன் பெயரைப் பித்தளையில் எழுதுவாராம். சரசா தலையாட்டினாள். நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். என் வாக்கு என்னவென்று உனக்குத் தெரியும். சைக்கிள் கேரியரில் கோணியைக் கட்டிக்கொண்டு "பழைய இரும்பு, பித்தளை" என்று கத்தித் திரிந்தவனை நம்பிக் கம்பெனிக்காரர்கள் லோடு கொடுத்தது என் முகத்தைப் பார்த்து இல்லை. சொன்னால் சொன்னபடி வண்டி வரும் என்பதற்காக.

லாரியில் ஏற்றுவதற்கு முன் தூசி தட்டலாம் என்று ஸ்குரூ டிரைவரை எடுத்தேன். முதல் செட்டின் பின் அட்டையைக் கழற்றினேன். உள்ளே, பெட்டியின் பக்கவாட்டில், ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. உன் நீலப் பென்சில். "அஞ்செட்டி பசவராஜ். பேட்டரி செட்டு. கரகரப்பு. செவ்வாய் வரவும்."

சரி, இதை அவரிடம் வாங்கியிருப்பாய் என்று அடுத்ததைக் கழற்றினேன். குருபரப்பள்ளி ரோட்டோர ஓட்டல், டயல் கயிறு அறுந்தது, செவ்வாய் வரவும். ஒரு கிராமபோனைக் கவிழ்த்தேன். ஸ்பிரிங் உடைசல், செவ்வாய் வரவும். முப்பதையும் பார்த்து முடித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கலெக்சனா அது? ஊரார் பொருளடா! ரிப்பேருக்கு வந்தது. திரும்பிப் போகாதது. அதை வைத்துக்கொண்டா பெங்களூர்க்காரனுக்கு முன்னால் தலையைக் குனிந்து சிரித்தாய்?

உன் செவ்வாய்க்கிழமையை ஓசூரில் அறியாதவர் யார்? பெண் பார்த்துவிட்டுப் போய் பதில் சொல்லாத மாப்பிள்ளை வீட்டைக்கூட "அது மாதையன் செவ்வா" என்பார்கள். நான்கூடச் சொன்னபடி லாரி அனுப்பாத ஆட்களிடம் அதைச் சொல்லித் திட்டியிருக்கிறேன். ஒரு முறை உன்னிடமே கேட்டேன், நினைவிருக்கிறதா? "ஏன்டா, சீட்டுல கெழமய எழுதற, தேதிய எழுத மாட்டேங்கற?" நீ சால்டரிங் கம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாய்: "தேதி போட்டா பொய்யன்னு தெரிஞ்சிடும் மச்சான். கெழம போட்டா வாரத்துக்கு ஒருக்கா நான் யோக்கியன்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். வேர்க்கடலை தின்றுகொண்டே சிரித்தேன். இப்போது நினைத்தால் அந்த வேர்க்கடலை தொண்டையில் நிற்கிறது.

இன்னும் கேள். சில சீட்டுகளில் நீலப் பென்சிலுக்குக் கீழே பேனாவில் இன்னொரு வரி. மை வேறு, காலம் வேறு, கை உன்னுடையது. "சரியாச்சு. ஆள் வரல."

ஆள் வரல! சரி செய்த பிறகு உனக்குக் கால் இல்லையா? ஓசூரில் பஸ் இல்லையா? அஞ்செட்டிக்குப் பஸ் குறைவு, ஒத்துக்கொள்கிறேன். குருபரப்பள்ளிக்கு என்ன குறை? கிருஷ்ணகிரி போகிற வண்டி எல்லாம் அந்த வழியாகத்தானே போகிறது? ஊர் எழுதியிருக்கிறாய், பெயர் எழுதியிருக்கிறாய். ஒரு நாள் கடையைப் பூட்டிவிட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தால் என்ன?

உடனே நியாயவானாகிவிட்டேன் என்று நினைக்காதே. நான் வியாபாரி. எனக்கு வந்த முதல் யோசனை, சீட்டுகளைக் கிழித்துவிட்டால் என்ன என்பதுதான். சரசா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். என் கை ஒரு சீட்டின் ஓரத்தில் இருந்தது. "அவரு கையெழுத்துண்ணா அது" என்றாள். கையை எடுத்துவிட்டேன்.

இரண்டாவது யோசனை, சட்டப்படி சுத்தமான யோசனை. ஆளைத் தேடிப் பிடித்து, "இந்த ரேடியோவில் எனக்கு எந்த உரிமையும் இல்லை" என்று எழுதி வாங்கிவிட வேண்டும். செத்துப்போனவர்கள் வீட்டில் வாரிசுகளின் கையெழுத்து. முப்பது பழைய பெட்டிக்கு யார் சண்டை போடப்போகிறார்கள்? பாதிப் பேர் சிரித்துக்கொண்டே போட்டுவிடுவார்கள். பிறகு ஓட்டல்காரருக்கும் பிரச்சினை இல்லை, என் வாக்குக்கும் பிரச்சினை இல்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் டைப் அடித்து வாங்கிக்கொண்டேன்.

முதலில் மத்தூர் செட்டு. பச்சைக் கண் வைத்த பெரிய ரேடியோ, ஸ்டேஷன் கிடைக்கிறபோது அந்தக் கண் சுருங்கும். ஓட்டல்காரர் உன் படத்துக்குக் கீழே என்று குறித்து வைத்தது அதைத்தான். சீட்டில், "மத்தூர், சந்தைப் பக்கம், கோவிந்தசாமி மகன் முருகேசன், ஓசூர் கம்பெனி ஹெல்ப்பர். சத்தம் இல்லை. செவ்வாய் வரவும்." கீழே பேனாவில், "டிரான்ஸ்பார்மர் போட்டாச்சு. ஆள் வரல." செட்டைக் கண்ணால் பார்க்காமல் எவனும் கையெழுத்துப் போடமாட்டான். அதனால் காரின் முன்சீட்டில் வைத்து பெல்ட்டு மாட்டிக் கொண்டுபோனேன். குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தியபோது என்ன பேசுவது என்று ஒத்திகைகூடப் பார்த்தேன். "ஐயா, பழைய பொருள், உங்களுக்கு எதுக்கு எடஞ்சல்" என்று ஆரம்பிப்பதாக இருந்தேன்.

மத்தூரில் சந்தைப் பக்கம் வண்டியை ஓரம் கட்டி, இளநீர் வெட்டிக்கொண்டிருந்தவரிடம் கேட்டேன்.

"கோவிந்தசாமி மகன் முருகேசன் வீடு எதுங்க?"

"எந்த முருகேசன்? இங்க முருகேசன் நாலு பேரு."

"வயசு அறுபது இருக்கும். ஒரு காலத்துல ஓசூர்ல கம்பெனி வேல."

அவர் அரிவாளை இளநீரில் குத்தி நிறுத்திவிட்டுப் பக்கத்து ஆளைப் பார்த்தார். "யாருடா அது, ஓசூரு..." பக்கத்து ஆள் சிரித்தார். "அட, ரேடியோ வித்த முருகேசன கேக்கறாரு! அதோ, மாட்டுத் தீவனக் கடை."

மாதையா, நான் திரும்பி என் காரைப் பார்த்தேன். முன்சீட்டில் பெல்ட்டு போட்டுக்கொண்டு அந்த ரேடியோ உட்கார்ந்திருந்தது.

நான் என்ன செய்திருக்க வேண்டும் சொல்? நல்ல வியாபாரி என்றால் அப்படியே வண்டியைத் திருப்பியிருக்க வேண்டும். கால் அந்தக் கடைக்குப் போய்விட்டது. தவிட்டு மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான ஆள், சட்டைப் பையில் கண்ணாடி. ரேடியோவைத் தூக்கி வந்து தராசுக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அவர் தொடவில்லை. எழுந்து நின்று சுற்றி வந்தார். "பின்னால, வலது மூலையில, எலி கடிச்சிருக்கும் பாருங்க" என்றார். கடித்திருந்தது. அப்புறம்தான் உட்கார்ந்தார்.

"மாதையன் வரலீங்களா?"

"அவன் செத்துப்போயிட்டான். வருசம் ஆகப்போவுது."

"அடடா" என்றார். "தெரியாம இந்த வாரம்கூடத் திட்டினனே."

அந்த இடத்தில் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

நீ அறிந்ததைத்தான் அவர் சொன்னார். ஆனால் ஊருக்குத் தெரியாதே, அதனால் எழுதுகிறேன். ஓசூரில் கம்பெனி ஹெல்ப்பராக இருந்த முருகேசனிடம், "அங்க நல்ல மெக்கானிக் இருக்கானாம், காட்டினு வா" என்று அப்பா ரேடியோவைக் கொடுத்தனுப்பினார். உன்னிடம் வந்தது. செவ்வாய் என்றாய். எட்டுச் செவ்வாய் வந்தார். ஷிப்டு மாற்றிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு முறை ஊருக்கு வெறுங்கையோடு போகும்போதும் அப்பாவின் முகம் ஒரு சுற்று இறுகியது. "எங்கடா செட்டு? குடிச்சிட்டியா?" என்றார் ஒரு நாள். தம்பியும் சேர்ந்துகொண்டான். ஊரும் சேர்ந்துகொண்டது.

அப்போதுதான் அவர் உன்னிடம் வந்து ஒரு வரி கேட்டார். "அண்ணே, சரி பண்ண வேணாம். செட்டு உங்ககிட்ட இருக்குதுனு ஒரு வரி எழுதிக் குடுங்க. எங்கப்பன்கிட்ட காட்டணும்." நீ என்ன சொன்னாய்? அவர் இத்தனை வருஷம் கழித்தும் உன் குரலிலேயே சொல்லிக் காட்டினார். "ரிப்பேர் ஆகாத செட்டு என் கடையில இருக்குதுனு என் கையால எழுத மாட்டேன். செவ்வா வா. செட்டே தரேன்."

"அப்ப செட்டையாச்சும் அப்பிடியே குடுங்க" என்றாராம். "பிரிச்சுப் போட்டிருக்கேன், பாதியில தர மாட்டேன்" என்றாயாம். அவர் அதற்குப் பிறகு வரவில்லை. கம்பெனி வேலையையும் விட்டுவிட்டார். கோவிந்தசாமி சாகும்போது சொல்லிவிட்டுச் செத்தார். முருகேசன் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "மூத்தவன் நானு, பாய். கொள்ளி எந்தம்பி வெச்சான். ரேடியோ வித்தவன் கை என் மேல படக்கூடாதுன்னுட்டாரு."

ஒரு வரி, மாதையா! அரைச் சீட்டு நீலப் பென்சிலில் ஒரு வரி! அதை எழுதியிருந்தால் உன் தொழில் மானம் போயிருக்குமா? போகட்டுமே! ஒரு டிரான்ஸ்பார்மர் கிடைக்கவில்லை என்று சொல்வதற்கு நீ இவ்வளவு பெரிய ஆளா? ஒரு பெட்டி பாடவில்லை என்பதை ஒத்துக்கொள்ள முடியாமல் ஒரு மனிதனை அப்பனின் பாடைக்குப் பின்னால் நடக்க விட்டாயே, உனக்குச் சோறு எப்படி இறங்கியது?

"பாடுமா இது?" என்று கேட்டார்.

"பாடும்."

"அப்ப சரி பண்ணிட்டாரு."

"ஆமா."

"பண்ணிட்டு வெச்சிக்கினாரு."

நான் தவிட்டு மூட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போடுகிறீர்களா என்று பிளக்கைக் காட்டினேன். "பாட்டு கேக்கறதுக்கா எடுத்துனு வந்தீங்க?" என்றார். அப்போதுதான் என் சட்டைப் பையில் நீட்டிக்கொண்டிருந்த டைப் அடித்த தாளைப் பார்த்தார். கையை நீட்டினார். கொடுக்காமல் இருக்க முடியவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு முழுவதும் படித்தார், இரண்டு முறை. "எனக்கு உரிம இல்லனு நான் எழுதிக் குடுக்கணும். நல்லது. இது என்னுதுனு யாருங்க எழுதிக் குடுப்பாங்க?"

கையெழுத்து வாங்கப் போன இடத்தில் என்னிடம் கையெழுத்துக் கேட்டுவிட்டார், மச்சான்.

பின் அட்டையைக் கழற்றிச் சீட்டைக் காட்டினேன். விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். "பேரு இருக்குது. எங்கப்பன் பேரும் இருக்குது." ஒரு நொடி முகம் தெளிந்தது. பிறகு தலையை ஆட்டினார். "தேதி இல்லியே. நேத்து எழுதினதுன்னு சொல்வான் எந்தம்பி. வித்தத திரும்ப வாங்கினு வந்துட்டான்னு சொல்வான்."

தேதி போட்டால் பொய்யன் என்று தெரிந்துவிடும் என்றாயே. தேதி போடாததால் ஒரு யோக்கியன் பொய்யனாகவே நிற்கிறான், போய்ப் பார்.

"நான் எழுதித் தரேன்" என்றேன். அவர் என் தாடியைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். "நீங்க யாருங்க அவருக்கு?"

"மச்சான்."

"எப்பிடி?"

"அவன் பொண்டாட்டி என்ன அண்ணான்னு கூப்புடும்."

"அப்ப எழுதலாம்" என்றார்.

காரிலிருந்து என் கடை லெட்டர்பேடை எடுத்து வந்து எழுதி, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்திக் கொடுத்தேன். வாங்கி மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இது எனக்கு. ஊருக்கு இது போதாது. பேப்பர்ல வரணும்" என்றார். வரும் என்று சொல்லிவிட்டு வந்தேன். டைப் அடித்த தாளை அவரிடமிருந்து திரும்ப வாங்கவில்லை. ரேடியோவை அங்கேயே விட்டுவிட்டேன். நான் வண்டியைத் திருப்பும்போது கடைக்குள் யாரையும் விடாமல் வாசலை மறித்துக்கொண்டு நின்றிருந்தார், யாரோ அதை மறுபடியும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல்.

ஓட்டல்காரருக்குப் போன் செய்து முடியாது என்றேன். "ஏன் பாய், ரேட் ஏத்தணுமா? நேராச் சொல்லுங்க" என்றார். இல்லை, பொருள் எங்களுடையது இல்லை என்றேன். "யாருக்குத் தெரியப்போவுது?" என்றார். எனக்குத் தெரிந்துவிட்டதே என்றேன். அவர் வைத்துவிட்டார். என் வியாபாரத்தில் சொன்ன சொல்லை நான் மாற்றியது இதுதான் முதல் தடவை. அதுவும் உன்னால். இதையும் உன் பாவத்தில் சேர்த்துக்கொள்.

சரசாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். இதை அச்சில் போட்டால் ஊர் உன்னைப் பற்றிப் பேசும், வேண்டாம் என்றால் விட்டுவிடுகிறேன் என்றேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தை நிறுத்தவில்லை.

"எழுதுங்கண்ணா. செத்தவருக்கு இனிமே என்னா ஆவப்போவுது? அந்தாளு இன்னும் நடமாடணும் இல்ல?"

பிறகு நானே கேட்டேன். "ஏம்மா, அவன் ஏன் எப்பப் பாத்தாலும் செவ்வா செவ்வான்னான்? வேற கெழம கெடைக்கலியா?"

முறம் நின்றது. என்னை ஒரு மாதிரி பார்த்தாள். "தெரியாத மாதிரி கேக்கறீங்க. செவ்வாதானே நீங்க பெங்களூர்ல இருந்து லோடு எடுத்துனு வர்ற நாளு? பாய் சாமான் கொண்டாருவாரு, கொண்டாருவாருன்னு காலையில இருந்து ரோட்டையே பாத்துக்கினு கெடப்பாரு."

மாதையா.

திட்டுவதை இங்கே நிறுத்தவில்லை. கொஞ்சம் திசை மாற்றுகிறேன்.

நீ கடை போட்ட புதிதில் ஒரு ஆளிடம் "இது ஆகாதுங்க, எடுத்துனு போங்க" என்று சொன்னதை நான் பார்த்தேன். அந்த ஆள் போனதும் உன்னைப் பிடித்து உலுக்கினேன். "முடியாதுன்னு சொல்றவனுக்கு எதுக்குடா கடை? அடுத்த வாரம் வாங்கன்னு சொல்லு. வர்றவன் வந்துகினே இருக்கணும், அதான் யாவாரம்." நான் சொன்னதுதான். என் வாயால் சொன்னது. அதுவரை நீ "முடியாது" என்று சொல்லத் தெரிந்தவன்.

அப்புறம் அந்த டிரான்ஸ்பார்மர். எத்தனை முறை கேட்டாய்? "மச்சான், பழைய செட்டு எதாச்சும் வந்தா ஒடைக்காத, உள்ள இருக்கற டிரான்ஸ்பார்மர எனக்குக் குடு." சரி சரி என்பேன். கோடவுனுக்குப் போனதும் மறந்துவிடுவேன். மறக்கவில்லை என்றாலும், ஆட்கள் அதற்குள் சுத்தியால் உடைத்துக் கம்பியை உருவியிருப்பார்கள். எனக்கு அது எடைக்குப் போடுகிற செம்பு. உனக்கு அது முருகேசனின் செட்டு என்று எனக்குத் தெரியாது. நீ சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை? "மச்சான், ஒருத்தன் பேரு கெடுது, அந்தச் சாமான் வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எந்த ஊர்ச் சந்தையிலாவது தேடிக் கொண்டுவந்து உன் மேஜையில் போட்டிருப்பேனே. என்னிடம்கூட உன் தோல்வியைச் சொல்ல வாய் வரவில்லையா? அல்லது சொன்னாயா, நான்தான் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தேனா? எனக்கு நினைவில்லை. இந்தக் கேள்விக்கு நீ ஒருவன்தான் பதில் சொல்ல முடியும். நீயோ ஆள் வரல என்று எழுதிவிட்டுப் போய்விட்டாய்.

என் பங்கை ஒத்துக்கொண்டேன் என்பதற்காக உன்னை விட்டுவிட்டேன் என்று நினைக்காதே. நான் சொல்லிக் கொடுத்தது பொய் வாய்தா. ஒரு வரி எழுதித் தராமல் போனது நீயாகக் கற்றுக்கொண்டது.

இனி அந்த வரி. இதைப் படிக்கிறவர்கள் மத்தூரில் யாரையாவது தெரிந்திருந்தால் படித்துக் காட்டுங்கள். குறிப்பாக இளநீர்க் கடையில்.

மத்தூர் கோவிந்தசாமியின் மூத்த மகன் முருகேசன் ரேடியோவை விற்கவில்லை. அவர் கொடுத்த நாள் முதல் அது ஓசூரில், பாகலூர் சாலையில், மெக்கானிக் மாதையன் கடையில் இருந்தது. தவறு கடைக்காரருடையது.

எழுதிவிட்டேன். உன் பேனாவுக்கு இவ்வளவு நேரம்தான் ஆகியிருக்கும்.

உன் கடையை நான் வாடகைக்கு எடுத்துவிட்டேன். ஓனருக்கு ஒரே ஆச்சரியம், பழைய இரும்புக்காரன் பாட்டுக்கடை வைக்கப்போகிறானா என்று. மீதி இருபத்தொன்பது இருக்கிறது. சீட்டில் ஊரும் பெயரும் இருக்கிற வரையில் நானே கொண்டுபோய்க் கொடுப்பேன். அஞ்செட்டிக்கு அடுத்த வாரம் கிளம்புகிறேன், பஸ்ஸை நம்பவில்லை. ஆள் இல்லாத வீட்டில் பிள்ளைகளிடம் கொடுப்பேன். திட்டினால் வாங்கிக்கொள்வேன், பாதி எனக்கு, பாதி உனக்கு. பாடாத செட்டு நாலைந்து இருக்கிறது. அதைப் பாடாது என்று சொல்லியே கொடுப்பேன், மச்சான். நீ மேலே இருந்து காதைப் பொத்திக்கொள். சொல்லப்போகிறேன். பாடாதுங்க, மாதையனால முடியல, இந்தாங்க உங்க பொருள்.

ஒவ்வொரு சீட்டிலும் உன் நீலப் பென்சிலுக்குக் கீழே, கொடுத்த அன்றைய தேதியை நான் எழுதுவேன். யாராவது தேடிக்கொண்டு வந்தாலும் வரட்டும், செவ்வாய்க்கிழமைகளில் உன் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன். நீ ரோட்டையே பார்த்திருந்த நாட்களைப் போல் கை காலியாக வரமாட்டேன்.

உன் மேல் தீராத கோபத்தோடு,
சரசாவின் அண்ணன், அதனால் உன் மச்சான்,
ஜாபர்